சீசாவுக்குள் ஒரு குடும்பஸ்தன்

சண்டை மீன் என்று ஒரு மீனுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். கடைக்காரன் அதை 'ஃபைட்டர்' என்கிறான். அது பிறந்த தேசமாகிய சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், 'பிளா கட்' என்கிறார்கள். கடிக்கிற மீன் என்று அர்த்தம். மூன்று பெயரும் ஒரே புகாரைத்தான் சொல்லுகின்றன. ஒரு ஜீவனைப் பற்றி மனிதர்கள் இத்தனை ஏகமனதாக அபவாதம் சொன்னால், அந்த ஜீவனின் பக்கம் போய் நிற்கவேண்டும் என்று எனக்குத் தோன்றிவிடுகிறது. கதை எழுதுகிறவனுக்கு இது தொழில் வியாதி. ஒரு பாத்திரத்தை, அவன் வாழ்நாளில் கோபப்பட்ட பத்து நிமிஷத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, 'இவன் சண்டைக்காரன்' என்று நான் முடித்துவிட்டால் வாசகர்கள் சும்மா விடுவார்களா? 'அவனுக்கு வீடு வாசல் இல்லையா, பெண்டாட்டி பிள்ளை இல்லையா, எதற்காகச் சண்டை போட்டான்?' என்று கடுதாசி மேல் கடுதாசி வரும். மீனுக்காகக் கடுதாசி போட ஆளில்லை. ஆகவே நான் போடுகிறேன்.

திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. தண்ணீர் ஓடுகிற நாட்களைவிட மணல் தெரிகிற நாட்களே அதிகம் என்றாலும், மூன்று ஆறு கூடுகிற ஊர் என்ற பெருமை போய்விடவில்லை. இங்கேயும், காஞ்சிபுரத்துத் தறிக்காரர் தெருக்களிலும், இப்போது பல வீடுகளில் ஒரு கண்ணாடி சீசா உட்கார்ந்திருக்கிறது. மாடத்தில், டெலிவிஷன் பெட்டிக்குப் பக்கத்தில், சில இடங்களில் தறிமேடையின் ஓரத்திலேயே. ஊறுகாய் சீசா, சத்துமாவு சீசா, கொஞ்சம் வசதியிருந்தால் உருண்டையான குடுவை. உள்ளே ஒரு மீன், ஒரே ஒரு மீன், சிவப்போ நீலமோ, தன் உடம்பைவிடப் பெரிய வாலைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நீந்துகிறது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நீந்துவதற்கு அங்கே இடம் ஏது?

"இதுக்கு இவ்ளோ எடம் போதும் ஐயா. இது காத்தைக் குடிச்சே பொழைச்சுக்கும்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க" என்றார் ஒரு நெசவாளர். பேரன் ஆசைப்பட்டானென்று வாங்கி வந்தவர். அவர் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அந்த வாக்கியத்தின் மேல்தான் கோபம். படித்தவர்கள் வீட்டில், டாக்டர்களின் காத்திருப்பு அறையில், கம்ப்யூட்டர் மேஜைகளில், எங்கே கேட்டாலும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லுகிறார்கள். பாதி உண்மை என்பது முழுப் பொய்யைவிட நீண்ட ஆயுள் உடையது.

உண்மைப் பாதியை முதலில் பார்த்துவிடுவோம். இந்த மீன் காற்றைக் குடிக்கிறது, வாஸ்தவம். செவுள்களுக்கு மேலே, தலைக்குள் இருபுறமும், மடிப்பு மடிப்பாக மெல்லிய தோல் போர்த்திய ஓர் அறை இருக்கிறது. உள்ளே புகுந்தவன் வெளியே வர வழி தெரியாமல் சுற்றுகிற மாளிகையின் பெயரை வைத்து, விஞ்ஞானிகள் இதை லாபிரிந்த் என்கிறார்கள். மீன் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்குகிறது. அந்த மடிப்புகளில் ஓடும் ரத்தம் காற்றிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்கிறது. குஞ்சாகப் பிறக்கும்போது இந்த அறை கிடையாது. சில வாரங்கள் போனபிறகுதான் உருவாகும்.

இதைக் கேட்டு நாம் அதிசயப்படவேண்டியதே இல்லை. நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைக்கும் அதே அறைதான். மழை பெய்த ராத்திரியில் குளத்தைவிட்டுக் கிளம்பித் தரையில் ஊர்ந்துபோகிற மீன் அது. 1791-இல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட் ஒருவர், குளக்கரைப் பனைமரத்தின் பிளவில், தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில் அதைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கத்தார் 1797-இல் அதை அச்சிட்டார்கள். மரம் ஏறுமா ஏறாதா என்று இரண்டு நூற்றாண்டாக விவாதம் நடக்கிறது. ஏறும் என்று பெயரிலேயே தீர்ப்பெழுதிவிட்ட தமிழனை யாரும் கேட்கவில்லை. அது போகட்டும். தரையில் நடக்கிறது என்பதற்காகப் பனையேறிக் கெண்டையைத் திண்ணையில் வைத்து யாரும் வளர்க்கவில்லையே! காற்றைக் குடிக்கிறது என்பதற்காக சயாம் மீனைச் சீசாவில் வைப்பது மட்டும் எந்த நியாயத்தில் சேர்ந்தது?

இனி, சொல்லாமல் விட்ட பாதி. மூச்சுக்குக் காற்று போதலாம். கழிவுக்குத் தண்ணீர்தான் வேண்டும். மீனின் உடம்பிலிருந்து அம்மோனியா செவுள் வழியாகத் தண்ணீருக்குள்தான் போகிறது. லாபிரிந்த் அறை அதற்கு உதவாது. ஆற்றிலோ வயலிலோ அந்த விஷம் கரைந்து, செடியும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் அதை வாங்கிக்கொண்டுவிடும். சீசாவில் வாங்க ஆளில்லை. இரண்டு நாளில் அந்த மீன் தன் மூத்திரத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது. அது சாகவில்லை என்பது நிஜம். காற்றைக் குடிக்கும் சக்தி இருப்பதால் மற்ற மீன்களைப்போல அன்றைக்கே செத்து நம்மைக் குற்றவாளியாக்காமல், மெதுவாகச் சாகிறது. சரியாகப் பராமரித்தால் இரண்டு மூன்று வருஷம், சில சமயம் அதற்கு மேலும் இருக்கக்கூடிய மீன், சில மாதங்களில் ஒருநாள் காலையில் மிதக்கும். 'அதன் ஆயுசு அவ்வளவுதான்' என்போம். இன்னொன்று வாங்குவோம்.

'வயல் குட்டையில் கிடக்கிற மீன்தானே ஸார்?' என்று கேட்பவர்கள் உண்டு. தாய்லாந்தில் சாவ் பிராயா ஆற்றுச் சமவெளியின் நெல்வயல்களிலும், வாய்க்கால்களிலும், சதுப்புகளிலும் வாழ்ந்த மீன் இது. அங்கே தண்ணீர் ஆழமில்லை, தெளிவில்லை, பிராணவாயுவும் குறைவு, எல்லாம் சரி. ஆனால் ஆழமில்லாதது வேறு, இடமில்லாதது வேறு. முழங்கால் அளவுத் தண்ணீர்தான் என்றாலும் வயல் கண்ணுக்கெட்டிய தூரம் போகிறது. ஒளிய நெற்பயிர் இருக்கிறது. தின்னக் கொசுப்புழு இருக்கிறது. பகைவன் துரத்தினால் ஓட வழி இருக்கிறது. அந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம். காட்டு மீன்கள் இரண்டு எதிர்ப்பட்டால், முதலில் செவுள் மூடியை விரித்துத் துடுப்பைப் பரப்பி, 'பார்த்துக்கொள்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. பெரும்பாலும் அந்த மிரட்டலிலேயே ஒன்று ஒதுங்கிப் போய்விடும். கடித்தாலும், தோற்றது ஓடிவிடும். இரண்டையும் ஒரு கிண்ணத்தில் போட்டு ஓடும் வழியை அடைத்துவிட்டு, 'ஐயோ, எப்படிச் சண்டை போடுகிறது பார்' என்று வியப்பவன் யார்? சண்டைக்காரன் யார்?

சரித்திரத்தைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். சயாமில் இந்த மீன்களை மோதவிட்டுப் பந்தயம் கட்டுவது பழைய வழக்கம். அரசாங்கமே அதற்கு லைசென்ஸ் கொடுத்து வரி வாங்கிய காலமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியில் வைத்தியராக இருந்த தியோடர் கான்டர் என்ற டேனிஷ்காரர், சயாம் அரசரிடமிருந்து கைமாறி வந்த மீன்களைப் பார்த்து 1849-இல் இதைப் பற்றி எழுதினார். அவர் வைத்த பெயர் வேறொரு மீனுக்கு உரியது என்று பின்னால் தெரிந்து, பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டேட் ரீகன் 1910-இல் 'பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்' என்று புதுப் பெயர் சூட்டினார். ஸ்ப்ளெண்டென்ஸ் என்றால் ஜொலிப்பது. நான் அறிந்தவரை சண்டையைச் சொல்லாத பெயர் இது ஒன்றுதான்; அதுவும் லத்தீனில் இருப்பதால் யாருக்கும் புரிவதில்லை.

சயாம் அரசாங்கத்துக்கு மீன்துறை ஆலோசகராக இருந்த ஹ்யூ ஸ்மித் என்ற அமெரிக்கர் 1937-இல் எழுதிய கட்டுரையில் ஒரு விவரம் உண்டு. வயலில் பிடித்த மீன் கால்மணி நேரத்துக்குள் சண்டையை விட்டுவிடும். பந்தயத்துக்கென்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த மீனோ மணிக்கணக்கில் விடாது. அந்த வித்தியாசம் முழுக்க மனிதனுடைய கைவேலை. கால்மணியை மூன்று மணியாக நீட்டியவன் மனிதன். பெயர் மட்டும் மீனுக்கு.

பிறகு சண்டைக்கு மவுசு குறைந்து அழகுக்கு மவுசு வந்தது. வயல் மீன் பெரும்பாலும் மங்கலான பழுப்பு. கொஞ்சம் பச்சைப் பளபளப்பு, கொஞ்சம் சிவப்பு. கோபம் வரும்போதும் காதல் வரும்போதும்தான் அந்த வர்ணம் எடுக்கும். மற்ற நேரத்தில் கொக்கின் கண்ணில் படாமல் இருக்க அதுவே உசிதம். நம் மனிதர்கள் அதை நிரந்தரமாகக் கோபப்பட்ட வர்ணத்தில் வார்த்தெடுத்தார்கள். வாலை நீட்டினார்கள், முக்காடு மாதிரி ஒன்று, அரைவட்ட நிலா மாதிரி ஒன்று. பட்டு நெய்கிற ஊரில் இதைச் சொன்னால் புரியும்: ஒரு முழம் முந்தானை அழகு, பத்து முழம் முந்தானையைச் சுமந்துகொண்டு ஒருத்தி நாள் பூராவும் கிணற்றில் தண்ணீர் இறைக்கவேண்டுமென்றால் அது தண்டனை. அந்த வாலின் பாரம் தாங்காமல் சில மீன்கள் தம் வாலைத் தாமே கடித்துக் கிழித்துக்கொள்கின்றன. அதைப் பார்த்தும், 'ஃபைட்டர் ஆச்சே, கடிக்க ஆள் கிடைக்காமல் தன்னையே கடிக்கிறது' என்று சிரித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

இந்த மீனின் உண்மையான உத்தியோகம் என்னவென்று கேட்டால், தகப்பன் என்று சொல்லுவேன். எந்நேரமும் சண்டைக்குத் தயாராக ஆண்மீன் நிற்பது எதற்காக? வீட்டுக்காக. வீட்டைக் கட்டுவதும் அதுவே. மேலே போய் ஒரு வாய்க் காற்று, அதை எச்சிலில் தோய்த்து ஒரு குமிழி. அதைக் கொண்டுபோய் ஓர் இலையின் அடியில் ஒட்டவைக்கும். மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. நூற்றுக்கணக்கான குமிழிகள் சேர்ந்து ஒரு நுரைக்கூடு ஆகும். பெண்மீன் வந்ததும், அந்தக் கூட்டுக்கு அடியில் தன் உடம்பை வில்லாக வளைத்து அதைத் தழுவிக்கொள்ளும். சில முட்டைகள் உதிரும். அவை மிதப்பவையல்ல, கீழே இறங்குபவை. ஆண்மீன் பாய்ந்து ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி, மேலே கொண்டுபோய்க் குமிழிகளுக்குள் செருகும். மறுபடி தழுவல், மறுபடி பொறுக்கல். மணிக்கணக்கில் இது நடக்கும். முட்டைகள் சில நூறு சேரும்.

எல்லாம் முடிந்ததும் பெண்ணைத் துரத்திவிடும். 'பார்த்தீர்களா, சண்டைக்காரன்' என்று சொல்ல அவசரப்படாதீர்கள். முட்டையைத் தாயே தின்றுவிடக்கூடும். அதன்பின் ஒன்றரை நாளோ கொஞ்சம் கூடவோ, குஞ்சு பொரிக்கும் வரையில் கூட்டடியை விட்டு அது நகருவதில்லை. உடைகிற குமிழிக்குப் பதில் புதுக் குமிழி; நழுவுகிற முட்டையைப் பொறுக்கித் திரும்ப வைத்தல். பொரித்த குஞ்சுகள் வால் கீழே தொங்க நுரையில் ஒட்டிக்கொண்டிருக்கும். தவறி விழுகிற குஞ்சை வாயில் வாங்கி மேலே துப்பும். குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்குகிற வரையில், இரண்டு மூன்று நாள், இந்தக் காவல் உத்தியோகம். தூக்கமில்லை, பெரும்பாலும் சாப்பாடும் இல்லை. பிறகு அதே தகப்பன் சில பிள்ளைகளைத் தின்றுவிடுவதும் உண்டு; நான் அதை மறைக்கப்போவதில்லை. குடும்பஸ்தன் என்றேனே ஒழிய, மகாத்மா என்று சொல்லவில்லை.

இப்போது சீசாவுக்கு வருவோம். தனியாக அடைத்த ஆண்மீனும் நுரைக்கூடு கட்டும். பெண் இல்லை, முட்டை இல்லை, இலைகூட இல்லை. சுவர் ஓரமாக, தண்ணீர் மட்டத்தில், குமிழி குமிழியாகக் கட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மாற்றுகிறேன் பேர்வழி என்று நாம் கொட்டிவிட்டால் அடுத்தநாள் மறுபடி ஆரம்பிக்கும். இதைக் காட்டி, 'மீன் சந்தோஷமாக இருக்கிறது, அதனால்தான் கூடு கட்டுகிறது' என்று சொல்லுகிறார்கள். பருவம் வந்த ஆண்மீன் கட்டுவது இயற்கையின் உந்துதல். சந்தோஷம் என்று அதற்குப் பொருள் சொன்னவர்கள் நாம். ஜெயிலில் இருப்பவன் சுவரில் வீட்டுப் படம் வரைந்தால், 'ஆஹா, கைதிக்கு ஜெயில் பிடித்துவிட்டது' என்று வார்டன் ரிப்போர்ட் எழுதலாமா?

'பட்டுப்பூச்சியைக் கொதிநீரில் போட்டு நூலெடுத்துப் புடவை நெய்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு மீனுக்கு நியாயம் பேசுகிறாயே' என்று என்னைக் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதற்கு என்னிடம் சுலபமான பதில் கிடையாது. ஆனால் ஒன்று சொல்லுவேன். பட்டுப்பூச்சியைப் பற்றி, 'அதற்குக் கொதிநீர்தான் பிடிக்கும்' என்று எந்த நெசவாளியும் எனக்குச் சொன்னதில்லை. செய்வதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறார்கள். சீசா வைத்திருப்பவர்கள் மட்டும்தான் கொடுமையையும் செய்துவிட்டு, அது மீனின் விருப்பம் என்றும் சாதிக்கிறார்கள்.

இந்த இரண்டு விஷயத்தையும் கையில் வைத்திருந்த ஒரு பெண்மணி நினைவுக்கு வருகிறார். ருக்மிணி தேவி அருண்டேல். கலாக்ஷேத்திராவில் தறி போட்டு, பழைய காஞ்சிபுரம் புடவையின் கரைகளுக்கும் வர்ணங்களுக்கும் மறுவாழ்வு கொடுத்தவர் அவர். 1950-களில் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது பிராணிவதைத் தடுப்புக்குத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவரும் அவரே. அதன் விளைவாக அரசாங்கமே 1960-இல் சட்டம் இயற்றியது. 1962-இல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அந்தச் சட்டம் 'பிராணி' என்பதற்கு, மனிதன் நீங்கலாக எந்த உயிரும் என்று அர்த்தம் சொல்லுகிறது. மீன் அதில் அடங்கும். நியாயமாக அசைய இடமில்லாத கூட்டிலோ பாத்திரத்திலோ ஒரு பிராணியை அடைப்பது குற்றம். வெறும் வேடிக்கைக்காக ஒன்றையொன்று மோதத் தூண்டுவதும் குற்றம். முதல் தடவைக்கு விதித்த அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரையில். பல கடைகளில் மீனின் விலை அதைவிட அதிகம்.

2017-இல் மத்திய அரசு மீன் தொட்டிகளுக்கென்றே தனி விதிகள் வெளியிட்டது. உருண்டைக் குடுவையில் மீனை வைத்துக் காட்டக்கூடாது என்று அதில் ஒரு விதி. வியாபாரிகள் கூச்சல் போட்டார்கள். அவர்கள் கூச்சலில் நியாயமும் இருந்தது. விதிகளில் பல, நடைமுறை தெரியாதவர்கள் எழுதியவை. பிறகு முழுவதையும் வாபஸ் வாங்கிவிட்டார்கள். குடுவையைப் பற்றிய ஒரு வரியையாவது வைத்துக்கொண்டிருக்கலாம். கைக்குழந்தையையும் குளித்த தண்ணீரையும் சேர்த்துக் கொட்டுவது நம் சர்க்காருக்குப் பழக்கம்.

சென்னையில் கொளத்தூர்ப் பக்கத்தில் மொட்டைமாடியிலும் கொல்லையிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்த்துப் பிழைக்கிற குடும்பங்கள் ஏராளம். அவர்கள் வயிற்றில் அடிக்க நான் இதை எழுதவில்லை. ஆண்மீன்களைத் தனித்தனியே பிரித்து வைக்காமல் அவர்களுக்கு வழியில்லை. விற்கிறவரை சில நாள் சின்னப் பாத்திரத்தில் இருப்பதும் தவிர்க்க முடியாதது. அவர்கள் தினம் தண்ணீர் மாற்றுகிறார்கள். அது அவர்கள் தொழில். அந்தச் சில நாள் ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, அதுவே ஆயுள் ஏற்பாடு என்று எடுத்துக்கொண்ட வாங்குகிறவர்களோடுதான் என் வழக்கு. ரயில் பெட்டியில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஒரு ராத்திரி போகிறோம் என்பதற்காக, அதையே வீடாக எழுதிவைத்தால் ஒப்புக்கொள்வோமா?

நான் கேட்பது ரொம்பக் கொஞ்சம். ஒரு குடம் தண்ணீர். பதினைந்து, இருபது லிட்டர் பிடிக்கிற ஒரு தொட்டி, இரண்டு நீர்ச்செடி, குதித்து வெளியே விழாமல் மேலே காற்றுப் போகிற ஒரு மூடி, வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றம். திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. 'வீரசோழன்' என்ற ஆதுலர்சாலையில் 15 படுக்கை, வைத்தியர் யார், பணியாளர் எத்தனை பேர், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் என்னென்ன என்றெல்லாம் அதில் கணக்கு. ஓர் உயிருக்கு எவ்வளவு வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்ட ஊர் இது. மீனுக்கு ஒரு குடம் என்று கணக்குப் போடுவது இவர்களுக்குப் பெரிய காரியமா?

இரக்கம் மேலிட்டு யாரும் சீசாவைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பாலாற்றிலோ ஏரியிலோ கொட்டிவிடவேண்டாம். அதுவும் பிசகு. தாய்லாந்திலேயே, வளர்ப்பு மீனின் ரத்தம் காட்டு மீன்களில் கலந்திருப்பதை 2022-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டியது. வயலும் சதுப்பும் குறைந்து காட்டு மீன் அங்கே அருகிவருகிறது. 2019-இல் அதைத் தேசிய நீர்வாழ் பிராணியாக அறிவித்திருக்கிறார்கள். இங்கே நாம் ஏற்கெனவே கொசுவை ஒழிக்கிறோம் என்று 1928-இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா மீனைக் கொண்டுவந்து ஊர்க்குளமெல்லாம் விட்டோம். அமெரிக்காவில் பிறந்த மீன் அது. கொசுப்புழுவோடு நம் ஊர் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்றது.

அந்த நம் ஊர் மீன்களில் ஒன்று, சயாம் மீனுக்குப் பங்காளி. அதே காற்றறை, அதே நுரைக்கூடு, அதே தகப்பன் உத்தியோகம், விரலளவு நீளம். தமிழ்நாட்டுக் கரையோரத் தாழ்நிலங்களிலும் கேரளத்திலும் இலங்கையிலும் வயல் வாய்க்கால்களில் இருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரியாங்குப்பம் ஆற்றில் கிடைத்த மீனை வைத்துப் பிரெஞ்சு விஞ்ஞானி குவியே 1831-இல் அதை உலகத்துக்கு அறிவித்தார். அந்த ஆற்றின் பெயரையே சுருக்கி 'குபானுஸ்' என்று வைத்தார். கருவுயிர்க்கும் சமயத்தில் பெண்மீன் மைபோலக் கறுத்துவிடும். மற்றபடி பார்வைக்குச் சாது.

காஞ்சிபுரத்தில் ஒரு வண்ண மீன் கடையில் இதைப் பற்றி விசாரித்தேன். அலமாரி முழுக்க, ஒன்றையொன்று பார்க்காமலிருக்க நடுவே அட்டை செருகிய சீசாக்கள். கடைக்காரப் பிள்ளை மரியாதையாகத்தான் பதில் சொன்னான்.

"அது வாய்க்கால்ல கெடக்கிறது சார். அதை எவன் காசு குடுத்து வாங்குவான்? கலர் இல்லையே!"

சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த சிறுவனுக்காக இரண்டு சீசாக்களின் நடுவே இருந்த அட்டையை எடுத்துக் காட்டினான்.